அந்தமான் காட்டில் ஒரு வனிலா

நம் சங்க மலரில் தீவைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் எழுதுகோல் முதலில் செல்லுலார் சிறைக்குத்தான் போகும். அதை விட்டால் 2004 ஆழிப்பேரலை. அதையும் விட்டால் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, வாந்தியும் மயக்கமுமாக மூன்றாம் நாள் கரை கண்ட கதை. இவை யாவும் எழுத வேண்டியவைதாம். ஆனால் நம்மைச் சுற்றி நிற்கும் காட்டைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. இம்முறை இயற்கையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, எல்லாரும் பெயரை அறிந்த, ஆனால் நேரில் பார்த்தவர் அரிதான ஒரு செடியைப் பற்றி எழுதுவது என்று தீர்மானித்தேன். அதுதான் வனிலா.

ஊர்ப்பேச்சில் நாம் 'வெண்ணிலா ஐஸ்கிரீம்' என்று சொல்லிச் சொல்லி அதை வானத்து நிலவாகவே ஆக்கிவிட்டோம். நிலவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சிறிய உறை, சிறிய நெற்று என்று பொருள்படும் ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கிலும், கஸ்டர்டிலும், பிஸ்கட்டிலும் மணக்கும் வனிலா ஒரு கொடியின் காய். அந்தக் கொடி ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் ஆயிரக்கணக்கான ஆர்க்கிட் இனங்கள் இருந்தும், காய்க்காகவே பெரிய அளவில் தோட்டம் போட்டுப் பயிரிடப்படுவது வனிலா ஒன்றுதான்.

இன்னொரு செய்தியை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அந்த வனிலாவுக்கு ஓர் உறவுக்காரி நம் அந்தமான் காட்டில் இருக்கிறாள். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத, இந்தத் தீவுகளுக்கே உரிய இனம். தாவரவியலார் அதற்கு வைத்த பெயர் 'வனிலா அந்தமானிகா'.

புல்லுருவி அல்ல

முதலில் ஆர்க்கிட் என்றால் என்ன என்று இளைய தலைமுறைக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், மாணவர்கள் பெரும்பாலும் தவறாகவே பதில் எழுதிய கேள்வி இது. மரத்தின்மேல் ஒட்டி வளரும் எதைக் கண்டாலும் 'புல்லுருவி' என்று எழுதிவிடுவார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். தங்கின வீட்டையே கெடுக்கும் விருந்தாளி. மரத்தில் வாழும் ஆர்க்கிட் அப்படியல்ல. உட்கார இடம் மட்டும் கேட்கும். மழை நீரையும், பட்டை இடுக்கில் சேரும் மக்கையும் கொண்டு தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்ளும். மலையாள நண்பர்கள் இத்தகைய செடிகளை 'மரவாழ' என்பார்கள்.

ஆர்க்கிட்டின் விதை மாவைப் போல் நுண்ணியது. நெல்லுக்குள் இருப்பதுபோல் முளைக்கும் குழந்தைக்கென்று கட்டி வைத்த சோறு அதற்குள் கிடையாது. மண்ணிலோ பட்டையிலோ இருக்கும் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆகவே ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருந்தாலும் செடியாவது மிகச் சில. பூஞ்சை இருக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும். ஏறுவதற்கு மரம் இருக்க வேண்டும். மகரந்தம் சுமக்கும் பூச்சி வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வம்சம் நின்றுபோகும். காட்டைத் தொட்டால் முதலில் ஆர்க்கிட்டுகளுக்குத்தான் வலிக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் பதிவாகியுள்ளன. மொத்தம் 8,249 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் இது பெரிய செல்வம். சிலவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். புறா ஆர்க்கிட் என்று ஒன்று உண்டு. வெயிலுக்குப் பின் திடீரென்று பெருமழை பெய்து காற்று குளிர்ந்தால், அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். மறுநாள் வாடிவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவினர்களும் தெருவோர மரங்களில் இதைப் பார்த்திருப்பார்கள். 'ஏரிடஸ் எமெரிசி' என்று இன்னொன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆர்க்கிட்டுகளைச் சேகரித்து அனுப்பிய எமெரிக் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயரை அது இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. செடி நம் காட்டுடையது, பெயர் அவருடையது.

ஒரு சிறுவனின் கட்டைவிரல்

வனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே வெராக்ரூஸ் பகுதியின் டோட்டோனாக் மக்கள் நெடுங்காலமாக அதைப் பயன்படுத்தி வந்தார்கள். ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி போன இடமெல்லாம் வளர்ந்தது, பூத்தது. காய்க்க மட்டும் மறுத்தது. மெக்சிகோ காட்டில் அதற்கென்று தேனீக்கள் இருந்தன, வெளியூரில் இல்லை. மேலும் வனிலாப் பூவுக்குள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் திரைபோலத் தொங்குகிறது. ஒரே பூவிலிருந்தும் தானாகச் சேர வழியில்லை. பூவோ ஒரு காலைப்பொழுது மட்டுமே திறந்திருக்கும்.

1836-இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் சார்லஸ் மோரன் என்ற பேராசிரியர் கண்ணாடி வீட்டில் வளர்த்த கொடியில் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்தார். ஆனால் தோட்டத்துக்கு ஏற்ற எளிய முறையைக் கண்டது ஒரு பேராசிரியரும் அல்ல. 1841-இல் இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைத்தான். ஒரு பூவுக்குச் சில நொடிதான். காய் பிடித்தது. இன்றுவரை உலகம் முழுவதும் அந்த முறைதான். மெக்சிகோவுக்கு வெளியே விளையும் ஒவ்வொரு வனிலாக் காயும் அந்தச் சிறுவனுக்குக் கடன்பட்டது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையிலேயே இறந்தான்.

ரீயூனியன் என்றதும் நம் காதுக்கு இன்னொரு செய்தியும் கேட்க வேண்டும். அடிமைகள் விடுதலையானபின் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டி, தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள். மொழி பெரும்பாலும் கைநழுவிவிட்டது. கடல் கடந்து தீவுகளில் குடியேறிய தமிழர் வரலாற்றில் அவர்களும் நாமும் ஒரே நூலின் இரண்டு பக்கங்கள். அங்கிருந்துதான் வனிலா மடகாஸ்கருக்குப் போயிற்று. இன்று உலகின் இயற்கை வனிலாவில் பெரும்பங்கை மடகாஸ்கரே தருகிறது.

மைத்துனரின் தோட்டம்

நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு பண்ணைகளில் வனிலாக் கொடி வெகுநாளாகவே இருந்தது. ஆனால் கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டு விவசாயிகள் அதைப் பெரிதாகக் கையில் எடுத்தது 1990-களில்தான். 2000 ஏப்ரலில் மடகாஸ்கரை 'ஹூடா' என்ற பெரும் புயல் தாக்கியது. தோட்டங்கள் அழிந்தன. விலை ஏறத் தொடங்கியது. 2003-இல் நம் நாட்டில் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. உலகச் சந்தையில் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலரை எட்டியது.

ஆனைமலைப் பக்கம் பாக்கும் தென்னையும் வைத்திருந்த என் மைத்துனர் அப்போது தொலைபேசியில் வேறு எதையும் பேசவில்லை. 'மாமா, ஒரு முழக் கொடித்துண்டே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது' என்பார். இரவில் தோட்டத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, டார்ச் விளக்கோடு காவல் இருந்தார். பூக்கும் மாதங்களில் வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே ஈர்க்குச்சியோடு கொடிக்குக் கொடி போய்ப் பூவைத் 'தொட்டு' விட்டு வருவார்கள். எட்மண்டின் வேலையை அக்காவும் அவள் மகளும் செய்தார்கள். எட்மண்ட் என்று ஒருவன் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

காய் முற்ற ஒன்பது மாதம். அதன்பின் வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்து வைக்க மேலும் சில மாதம். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதப்படுத்திய காய். பச்சைக் காயில் மணமே இருக்காது. இத்தனை பக்குவத்துக்குப் பிறகுதான் அது மணக்கும்.

மைத்துனரின் கொடிகள் நன்றாகக் காய்க்கத் தொடங்கிய வேளையில் மடகாஸ்கர் மீண்டுவிட்டது. விலையைத் தாங்காத ஐஸ்கிரீம் தொழிற்சாலைகள் செயற்கை வனிலினுக்கு மாறியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் பச்சைக் காய் விலை நூறு ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அது போதாதென்று வேரழுகல் நோயும் வந்தது. வேர் கறுத்து, தண்டு சுருங்கி, ஒரு கொடியில் தொடங்கியது வரிசை வரிசையாகப் பரவியது. மருந்தடித்தும் நிற்கவில்லை. 'எல்லாம் ஒரே நாளில் சொல்லிவைத்ததுபோல் சாய்கிறதே, மாமா' என்றார். அவர் கேட்ட கேள்விக்கான விடையில்தான் நம் அந்தமான் கொடி வருகிறது.

ஒரே கொடியின் பிள்ளைகள்

வனிலாவை விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நடுவதே வழக்கம். மல்லிகைப் பதியன் போல, வெட்டி நட்ட துண்டு தாயின் மறுபதிப்பு. இந்துமாக்கடல் தீவுகளில் பரவிய வனிலாக் கொடிகளைப் பிற்காலத்தில் மரபணு முறையில் ஆராய்ந்தபோது, அவை பெரும்பாலும் ஒரே ஒரு தாய்க்கொடியின் துண்டுகள் என்று தெரியவந்தது. இந்தியாவில் நட்டவற்றிலும் வேறுபாடு மிகக் குறைவு.

இதில் என்ன ஆபத்து? ஒரு குடும்பத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒருவனுக்குச் சளி பிடிக்கும், இன்னொருவனுக்குப் பிடிக்காது. பத்துப் பேரும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தால், ஒருவனை வீழ்த்தும் நோய் பத்துப் பேரையும் வீழ்த்தும். வனிலாவின் வேரழுகலுக்குக் காரணம் ஃப்யூசேரியம் என்ற மண் பூஞ்சை. அமெரிக்காவின் ஆளுகையிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு காலத்தில் செழித்திருந்த வனிலாத் தொழிலை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நோயே முடக்கியது.

வேளாண் அறிவியலில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. வளர்ப்புப் பயிர் நோயில் விழுந்தால் அதன் காட்டு உறவினரைத் தேடிப் போவது. நெல்லுக்கும் கரும்புக்கும் இப்படித்தான் செய்தார்கள். இன்று நாம் சுவைக்கும் கரும்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டு நாணலோடு கலந்து உண்டாக்கிய வம்சத்தில் வந்தது. வனிலாவுக்கு உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட காட்டு உறவினர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இலையே இல்லாமல் பச்சைக் கயிறுபோல் வேலிகளிலும் புதர்களிலும் ஏறும் 'வனிலா வாக்கரே' அவற்றில் ஒன்று. நம் தீவில் இருப்பது வனிலா அந்தமானிகா.

காட்டில் கண்ட கொடி

இந்த இனத்தை வரையறுத்துப் பெயரிட்டவர் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஆர்க்கிட் வல்லுநராக இருந்த ராபர்ட் ஆலன் ரோல்ஃப். ஆண்டு 1918. அவர் பெயரிட்டு நூறாண்டுகளுக்கு மேலாகியும், காட்டில் இதைத் தேடிப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் பார்த்தது 1999 டிசம்பரில். அப்போது நடு அந்தமானில் ஒரு பள்ளியில் இருந்தேன். தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் மாதிரிச் செடிகள் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்தார். வழி காட்டியவர் மரம் வெட்டும் காலத்திலிருந்தே காட்டை அறிந்த ஒரு ராஞ்சிக்காரர். கர்ஜன் மரங்கள் தூண்போல நிற்கும் காடு. நடுப்பகலிலும் மாலை நேரம் போலிருக்கும். ஓரிடத்தில் அவர் நின்று, ஒரு மரத்தைக் காட்டி, 'மாஸ்டர்ஜி, ஐஸ்கிரீம் கா பேல்' என்றார். ஐஸ்கிரீம் கொடியாம்! யாரோ அதிகாரி சொன்னதை நினைவில் வைத்திருந்தார்.

விரல் பருமனில் பச்சைத் தண்டு. கணுவுக்குக் கணு சற்றே வளைந்து, மாற்றி மாற்றி ஒவ்வோர் இலை. தடித்த, பளபளப்பான இலை. இலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேர் புறப்பட்டு மரப்பட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. அப்படியே ஏறி ஏறிக் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பூக்காலம் அல்லாததால் பூ இல்லை. நண்பர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் ஓர் இலையைக்கூடப் பறிக்கவில்லை. அந்த இடத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. கட்டுரையின் முடிவில் புரியும்.

'இதன் காயை விற்றால் லட்சாதிபதி ஆகிவிடலாமா?' என்று அன்று வழிகாட்டி கேட்டார். ஆக முடியாது. வனிலா இனங்களில் மணக்கும் காய் தருபவை எல்லாம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. ஆசியக் காட்டு வனிலாக்களின் காய் சந்தைக்கு உதவாது. அந்தமான் வனிலாவின் மதிப்பு காயில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. தோட்டத்து வனிலாவிடம் இல்லாத குணங்களை அது தன் மரபில் வைத்திருக்கிறது.

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதை உணர்ந்து, இந்தியக் காட்டு வனிலாக்களோடு அந்தமான் வனிலாவையும் கொண்டுவந்து காத்து வருகிறது. திசு வளர்ப்பு முறையில் குப்பிகளுக்குள் அதைப் பெருக்கும் வழியைக் கண்டார்கள். பூ பூக்கும் காலம் ஒத்துவராத இரண்டு இனங்களைச் சேர்ப்பது கடினம். அதற்காக அவர்கள் இன்னொரு வழியையும் முயன்றார்கள். தோட்டத்து வனிலாவின் செல்லையும் அந்தமான் வனிலாவின் செல்லையும் புறச்சுவரை நீக்கி எடுத்து, குப்பிக்குள் ஒன்றோடொன்று இணைத்தார்கள். அந்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. இதிலிருந்து விவசாயியின் கைக்கு ஒரு புதிய கொடி வர நீண்ட காலம் ஆகும். ஆனால் தொடங்குவதற்குக் காட்டில் அந்தக் கொடி இருந்ததே, அதுதான் முக்கியம்.

காட்டுக்கு வந்த சோதனைகள்

குப்பிக்குள் வைத்துவிட்டோமே, இனி காட்டில் இருந்தாலென்ன, போனாலென்ன என்று கேட்கலாம். குப்பியில் இருப்பது சில கொடிகளின் மறுபதிப்பு மட்டுமே. ஒரே கொடியின் துண்டுகளை நம்பித்தான் தோட்டத்து வனிலாவே இந்தக் கதிக்கு வந்தது. காட்டில் இருப்பது ஒரு சமூகம். பூச்சி வந்து மகரந்தம் மாற்றி, விதை விழுந்து, ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு முகத்தோடு பிறக்கும் இடம் அது.

அந்த இடத்துக்குச் சோதனைகள் குறைவில்லை. சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் படாக்கும் கர்ஜனும் வெட்டப்பட்டன. பெரிய மரம் ஒன்று விழும்போது அதன்மேல் ஏறிய கொடிகளும் சேர்ந்தே விழும். மேலே திறந்துவிட்டால் வெயில் உள்ளே இறங்கும். வனிலாவின் வேர் உண்ணும் சருகு மக்கு காய்ந்துபோகும். பாதி நிழலும் முழு ஈரமும் வேண்டிய கொடிக்கு அது தாங்காது. சேகர் சிங் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பழங்குடியினர் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டத் தடை விதித்தது; மற்ற இடங்களில் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் என்று வரையறுத்தது. அதனால் வேலை இழந்தவர்கள் நம்மிலும் உண்டு. அந்தத் துன்பம் உண்மை. ஆனால் இன்று காடு மூச்சு விடுகிறதென்றால் அந்த ஆணைக்கும் அதில் பங்கு உண்டு.

வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் இன்னொரு தொல்லை. தீவில் அவற்றைப் பிடித்துத் தின்ன புலியோ சிறுத்தையோ இல்லை. பெருகிவிட்டன. இளம் கன்றுகளைக் கடித்துவிடுவதால் பழைய மரத்துக்குப் பதில் புதிய மரம் எழுவது தடைப்படுகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது தென் அந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். கரையோரத் தாழ்நிலக் காட்டுக்கும் அதே கதிதான்.

இவற்றோடு நம் கைகளும் சேர்கின்றன. காட்டோரம் குடியிருப்பு விரிகிறது. மனைக்கும் பாக்குத் தோட்டத்துக்கும் காடு திருத்தப்படுகிறது. ஒரு தீவுக்கு மட்டுமே உரிய இனத்துக்கு அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது. இங்கே போனால் உலகிலேயே போயிற்று.

நாம் என்ன செய்யலாம்?

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. மரம் வெட்டவும், துறைமுகத்தில் உழைக்கவும், கடை வைக்கவும், பள்ளியில் கற்பிக்கவும் வந்தவர்கள் நாம். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களும் நம்மவர்களே. ஆறில் ஒருவர், ஏழில் ஒருவர் என்ற அளவில் இருக்கும் நமக்கு இந்தக் காட்டில் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. எனக்குத் தோன்றிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, காட்டு ஆர்க்கிட்டைப் பிடுங்கி வராமல் இருப்பது. ஊருக்குப் போகும்போது உறவினர்கள் சிப்பி கேட்பார்கள், படாக் மரப் பொருள் கேட்பார்கள். இப்போது சிலர் 'அந்தமான் ஆர்க்கிட்' கேட்கிறார்கள். காட்டில் மரத்திலிருந்து பிய்த்த செடி மதுரை வீட்டு மாடியில் பெரும்பாலும் ஒரு கோடையைத் தாண்டாது. மேலும் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் 1975 முதல் நடப்பில் உள்ள சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது நம் சட்டப்படியும் குற்றம். ஆசைப்படுபவர்கள் நாற்றங்காலில் வளர்த்த கலப்பின ஆர்க்கிட்டுகளை வாங்கலாம். விலையும் குறைவு, பிழைக்கவும் பிழைக்கும். நான் கொடி கண்ட இடத்தை எழுதாததற்குக் காரணம் இதுதான். 2003-இல் வனிலாக் கொடித்துண்டுக்காகத் தோட்டங்களில் திருட்டே நடந்ததை நாம் மறக்கவில்லை.

இரண்டாவது, பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போவது. நயாஷகரில் தாவரவியல் ஆய்வுத்துறையின் தனிக்காரி சோதனைத் தோட்டம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறார்கள்? விடுமுறைக்கு ஊட்டி மலர்க்கண்காட்சிக்குப் போகக் கப்பலும் ரயிலும் ஏறுகிறோம். வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நம் மொழியில் பெயர் பெற்ற பூவுக்கு நம் மனத்தில் இடம் உண்டு. நாம் குடியேறி இத்தனை ஆண்டுகளாகியும் இந்தத் தீவுச் செடிகளில் பலவற்றுக்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. போர்ட் பிளேருக்கே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. இந்தக் கொடிக்கு மட்டும் தமிழில் பெயர் இல்லை. வருகிற பொங்கல் விழாவில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பது வழக்கம்தானே? அதோடு, தீவின் பத்து ஆர்க்கிட்டுகளின் படங்களை மாட்டி, அவற்றுக்குத் தமிழில் பெயர் சூட்டும் போட்டி ஒன்றையும் வைக்கலாம். நல்ல பெயர்களை இம்மலரில் வெளியிடலாம். முதல் பரிசுக்கான புத்தகங்களை நான் தருகிறேன்.

அடுத்த முறை பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்தபின், இதன் உறவுக்காரி நம் காட்டில் இருக்கிறாள், அவளைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும், தொடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். சின்ன வயதில் கேட்டது மறக்காது.